தர்மாஜி உத்தரவாதம் சொன்ன மெஷின்

முர்னி கம்ப்யூட்டர் வாங்கப் போன அன்று கணவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. தங்கையைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். சுரபாயாவில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கும் அந்த மாடிக் கட்டடத்தில் ஒரு கடைக்காரரிடம், தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"வேகம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவால்ல. என் வீட்டுக்காரர் கை வைக்க முடியாத மெஷினா ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் சிரிக்கவில்லை. இப்படிக் கேட்டு வருகிற மனைவிமார் அவருக்குப் புதிதில்லை போலிருக்கிறது. ஏதோ ஒரு வங்கி கழித்துப் போட்ட கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பழசுதான், ஆனால் நன்றாக உழைக்கும் என்றார். அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தும் காட்டினார். தேதியை மாற்றலாம், எந்த டிஸ்கிலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். வேறெதுவும் அங்கே இல்லை. வேகம், மின்னழுத்தம் இதெல்லாம் செய்து அனுப்பியவர்களே பூட்டி அனுப்பியது. அந்தப் பக்கங்களே கண்ணில் படாது.

"தலைகீழா நின்னாலும் அவரால ஒண்ணும் பண்ண முடியாது, ம்பாக்," என்றார் கடைக்காரர், அக்கா என்கிற அர்த்தத்தில். முர்னி பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கணவன்மேல் அவளுக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. முன்னாலிருந்த கம்ப்யூட்டர் செத்த விதம்தான் அவளை இப்படி ஆக்கியது. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கோத்துக் கொடுப்பது அவள் தொழில். அவர்கள் இருக்கிற கிரியான் வட்டாரத்தில் கேமரா யார் பிடித்தாலும் எடிட்டிங் முர்னியிடம்தான் வரும். எத்தனையோ மணி நேரப் படத்தில் மணப்பெண்ணின் அம்மா எந்த இடத்தில் கண்ணைத் துடைத்தாள் என்பது அவளுக்கு ஒரு தடவை பார்த்தாலே மனதில் நின்றுவிடும். அப்படி ஒரு கல்யாணம் பாதி முடிந்திருந்த வேளையில்தான், "இன்னும் கொஞ்சம் வேகமாக்கித் தரேன்" என்று தர்மாஜி ஏற்றி ஏற்றி வைத்திருந்த பழைய மெஷின் கருகல் வாடையோடு அணைந்துபோனது. முர்னி அன்றைக்குச் சத்தம் போடவில்லை. பேசாமல் இருந்தாள். அது சத்தத்தைவிட மோசம் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

தர்மாஜிக்கு வேலை ஊருக்கு வெளியே இருக்கும் சர்க்கரை ஆலையில், எடை மேடையில். கரும்பு லாரி மேடைமேல் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அவன் திரையில் விழுகிற எண்ணைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பான். அரவைப் பருவம் முழுக்க ஞாயிறு தவிர லீவு கிடையாது. எடையில் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, கிராம்பு சிகரெட் பாக்கெட்டை ஜன்னல் வழியே நீட்டியவர்களும் உண்டு. எவரிடமும் அவன் மசிந்ததில்லை. திரையில் இருப்பதுதான் எடை என்பான். கெட்டிக்காரன் என்று யாரும் அவனைச் சொல்வதில்லை. ஆனால் அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். அந்தப் பெயர்மேல் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு.

அந்த மிதப்பு முழுதாக வெளியே வருவது ஞாயிற்றுக்கிழமைகளில். அந்தக் கம்ப்யூட்டர் கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒரு காபிக்கடை இருக்கிறது. பழைய மெஷின்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவை பிறந்தபோது இல்லாத வேகத்தை அவற்றிடமிருந்து வாங்கப் பார்க்கிற கூட்டம் ஒன்று அங்கே கூடும். ஓவர்கிளாக் என்று சொல்லிக்கொள்வார்கள். புது மெஷின் வாங்கி வேகமாக ஓட்டுகிறவனுக்கு அங்கே மரியாதை இல்லை. அது காசுக்கு உள்ள மரியாதை என்று விட்டுவிடுவார்கள். இன்னொருவன் குப்பையில் போட்டதை ஓட வைத்தவனுக்குத்தான் நடுநாற்காலி.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் வாயால் சொன்னதை ஏற்க மாட்டார்கள். ரேமை இன்ன வேகத்துக்கு ஏற்றினேன் என்கிறவன், அதற்கென்று உள்ள சோதனையை முழுதாக ஓட்டி, கடைசியில் பிழை பூஜ்யம் என்று திரையில் வந்ததை, தன் பெயர் எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்துக் கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது கணக்கில் இல்லை. பூஜ்யம் காட்டியவன் அன்றைக்கு எல்லாருக்கும் காபியும் வாழைப்பழ பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும். ஜெயித்தவன் செலவு செய்கிற விளையாட்டு வேறு எங்கே இருக்கிறதோ தெரியாது. அங்கே இருக்கிறது, செலவு செய்யத் துடித்துக்கொண்டும் இருப்பார்கள்.

முர்னி பூட்டிய மெஷின் வாங்கி வந்த செய்தி அந்த ஞாயிறே அங்கே போய்விட்டது. கூட்டத்தில் மூத்தவர் டிவி மெக்கானிக் சாக் ரோஸி. எல்லாருக்கும் அவர் அண்ணன், எல்லாரையும் கிண்டல் பண்ணுகிற உரிமை அவருக்கு உண்டு.

"மெஷினையும் பூட்டியாச்சு, புருஷனையும் பூட்டியாச்சு. இனிமே நீ அடுத்தவன் காபியைக் குடிச்சுட்டுப் போகத்தான் லாயக்கு," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். தர்மாஜியும் சிரித்தான். ஆனால் வீட்டுக்குப் போகிற பேருந்தில் அவனுக்கு அந்தப் பூட்டைத் தவிர வேறு நினைப்பில்லை.

பூட்டைத் திறக்க முடியாது என்பது கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் அவனுக்கு வேறொன்று தோன்றியது. மெஷின் எழுந்திருக்கும்போது முதல் காரியமாக ரேமைக் கேட்கிறது: நீ எவ்வளவு வேகம் தாங்குவாய்? ரேமின் பலகையில் அரிசி மணி மாதிரி ஒரு சில்லு ஒட்டியிருக்கும். பதில் அதில் எழுதி வைத்திருக்கிறது. மெஷின் அந்தப் பதிலை அப்படியே நம்பி அந்த வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடும். சரிபார்ப்பதில்லை, திருப்பிக் கேட்பதில்லை. பூட்டு முழுக்க மெஷினில்தான் இருக்கிறது. பதில் சொல்கிற அந்தச் சில்லுக்குப் பூட்டே இல்லை. அதில் இருப்பதை அழித்து வேறொன்றை எழுத முடியும். மெஷின் இன்னும் கூடுதல் வேகத்துக்கு இடம் கொடுக்கக்கூடியதுதான். அதற்குள் செருகியிருந்த ரேம்தான் ஒரு படி குறைந்தது. ரேம் வாய் திறந்து கூடுதலாகச் சொன்னால் மெஷின் சரி என்றுவிடும்.

அவன் அதைத்தான் செய்தான். பழைய பதிலை ஒரு பிரதி எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, புதியதை எழுதி, மெஷினை அணைத்துப் போட்டான். எழுந்திருக்காமல் போனால் என்ன சொல்வது என்று வியர்த்துக்கொண்டு நின்றான். எழுந்துவிட்டது. செட்டிங்ஸ் பக்கத்தில் எதுவும் மாறியதற்கு அடையாளமே இல்லை. கடைக்காரரே வந்து பார்த்தாலும் பூட்டு பூட்டினபடிதான் இருக்கிறது என்பார்.

முர்னியிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பழையபடி மாற்றச் சொல்வாள். அவளுக்காகத்தானே செய்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், அதில் பொய்யும் இல்லை. ஒரு வீடியோவை முடித்து வெளியே எடுக்க அந்தப் பழைய பெட்டி எடுத்துக்கொள்கிற நேரத்தில் அவள் குழம்பு வைத்து, துணி காயப்போட்டு, திரும்பி வந்தும் காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பைக் குறைக்க வேண்டும் என்று அவனுக்கு மெய்யாகவே ஆசை இருந்தது. காபி வாங்கித் தருகிற ஆசையும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவனால் முடியாது.

சோதனையை அவள் படுத்த பிறகு ஓட்டினான். அந்தக் கூட்டத்தில் எல்லாரும் செய்வது மாதிரியே பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, மேசை விசிறியை நேரே உள்ளே ஊதுகிற மாதிரி திருப்பி வைத்தான். சோதனை என்றால் அவர்களுக்கு அப்படித்தான். மூடிய பெட்டியில் எவனும் சோதிப்பதில்லை. பிழை பூஜ்யம். மறுநாளும் ஓட்டினான், பூஜ்யம். பெயரெழுதிய காகிதத்தோடு படம் எடுத்துக்கொண்டு, பலகையை மாட்டி, தூசுக்காக முர்னி போர்த்தி வைக்கிற பூவேலை செய்த துணியை மறுபடி போர்த்திவிட்டான். அந்த ஞாயிறு சாக் ரோஸி இரண்டாவது தட்டு பஜ்ஜி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"ரேமையே பொய் சொல்ல வெச்சுட்டியே, நீ பெரிய ஆளுதான்டா," என்றார். தர்மாஜிக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

மெஷின் வேகமாகியிருப்பதை முர்னியும் கவனித்தாள். வாங்கின புதிதில் முரண்டு பிடித்தது இப்போது பழகிவிட்டது என்று தங்கையிடம் சொன்னாள். கடைக்காரருக்குக் கைராசி என்றாள். தர்மாஜி வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான்.

அரவைப் பருவம் தொடங்கி, வெயிலும் ஏறின பிறகு ஹாஜி சோலே வீட்டுக் கல்யாணம் வந்தது. தெம்பே என்கிற சோயாக் கட்டி செய்து விற்று மேலே வந்த குடும்பம், ஒரே மகள். வீடியோவைக் கொடுத்துவிட்ட மறுநாள் மணப்பெண்ணின் அம்மா நேரே முர்னி வீட்டுக்கு வந்துவிட்டார். நிக்காஹ் நடக்கிற இடம். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல, மாப்பிள்ளை ஒரே மூச்சில் கபூல், அதாவது ஏற்றுக்கொண்டேன், என்று சொல்ல வேண்டும். சரியாக அந்த இடத்தில் படம் பச்சைக் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் கரகரத்து, சாட்சிகள் செல்லும் என்று தலையாட்டுகிற இடத்தில்தான் மறுபடி தெளிந்தது. மிச்ச வீடியோ முழுக்கப் பளிச்சென்று இருந்தது. ஆனால் கபூல் இல்லாத கல்யாண வீடியோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முர்னி மூலப் படத்தைத் திறந்து பார்த்தாள். அதிலும் அப்படியே உடைந்திருந்தது. நிக்காஹை மட்டும் அவள் வெட்டாமல் முழுதாக எடுத்துச் சேர்த்துவிடுவாள், அதனால் கொடுக்கும்போது அது கண்ணில் படவில்லை. கேமராக் கார்டிலிருந்து மெஷினுக்கு நகல் எடுத்த பிறகு கார்டை அழித்துக் கேமராக்காரரிடம் கொடுத்துவிடுவது அவள் வழக்கம். அதில் இதற்குள் வேறொரு கல்யாணம் ஏறியிருந்தது. ஹாஜி வீட்டு அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. ஊரெல்லாம் உன்னைத்தான் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தர்மாஜி ஆலையிலிருந்து வந்ததும் முர்னி அவனை உட்காரக்கூட விடவில்லை. மகள் பிறந்த நாளிலிருந்து அவள் அவனைப் பாக்னே என்றுதான் கூப்பிடுவாள், அவளைப் புக்னே என்று அவன் கூப்பிடுவான். மகள் வெளியூரில் விடுதியில் படிக்கிறாள். மகளின் அப்பா, மகளின் அம்மா என்கிற அந்தப் பெயர்கள் வீட்டில் தங்கிவிட்டன.

"பாக்னே, இந்த மெஷின்ல கை வெச்சீங்களா?"

"பூட்டியிருக்கே, அதுல நான் எங்க கை வைக்கிறது?"

அவனுக்கே அந்தப் பதில் எவ்வளவு சுலபமாக வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. அது போதாதென்று மேலும் சொன்னான். மெஷினை அவன் சோதித்துப் பார்த்திருப்பதாகவும், ஒரு பிழைகூட இல்லை என்றும், அதற்குத் தான் உத்தரவாதம் என்றும் சொன்னான். அதை அவன் மனப்பூர்வமாக நம்பினான். பூஜ்யம் என்று அவன் கண்ணால் பார்த்தது.

"அப்போ நான்தான் ஏதோ பண்ணிட்டேன்," என்றாள் முர்னி.

அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நகல் எடுக்கும்போது அவசரப்பட்டிருப்பாய், அடுத்த தடவை நிதானமாகச் செய் என்று ஆறுதல் மாதிரி ஒன்றைச் சொன்னான்.

அதற்குப் பிறகு முர்னி மாறிப்போனாள். இன்னொரு வீடியோவில் மாப்பிள்ளை ஊர்வலம் ஒரு நொடி கிழிந்தது. கொடுப்பதற்கு முன்னால் அவளே பார்த்துவிட்டாள். எங்கே தப்பு விட்டோம் என்று தன் வேலையை அடியிலிருந்து நுனிவரை தேடினாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை நகல் எடுத்தாள், இரண்டு தடவையும் தான் சரியாகத்தான் செய்கிறோமா என்று சந்தேகப்பட்டாள். கண்தான் மங்கிவிட்டதோ என்று தோன்றி, கண் டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். தர்மாஜிதான் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனான். கண்ணில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது அவள் முகத்தில் நிம்மதி வரவில்லை. கண் இல்லையென்றால் அப்போது மிச்சமிருப்பது புத்திதானே என்று திரும்பி வரும்போது சொன்னாள். அவன் வண்டியை ஓட்டிக்கொண்டே வந்தான்.

ஒரு நாள் சாப்பிடும்போது, இந்தத் தொழிலை நிறுத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். தங்கை நடத்துகிற சலவைக் கடையில் ஆள் தேவைப்படுகிறதாம். கையில் இருக்கிற கல்யாணங்களை முடித்துவிட்டு, இனி வருகிறவர்களைச் சுரபாயாவில் யாரிடமாவது அனுப்பிவிடுவாளாம். துணியில் தப்பு நடந்தால் மறுபடி துவைக்கலாம் என்றாள். அப்போதும் தர்மாஜியின் மனம் மெஷின் பக்கம் போகவேயில்லை. சோதித்தாயிற்று, பூஜ்யம் வந்தாயிற்று. அந்தக் கதவை அவன் எப்போதோ சாத்திவிட்டான்.

அந்தக் கதவைத் திறந்தது பாக் காசான் என்கிற கரும்பு விவசாயி. உச்சி வெயிலில் லாரியை மேடையில் நிறுத்திவிட்டு, எடை குறைகிறது என்று அடம்பிடித்தார். வரும் வழியில் வேறு மேடையில் எடை போட்டுவிட்டு வந்திருந்தார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. தர்மாஜி வழக்கமான நிதானத்தோடு வெளியே வந்து, லாரியை இறக்கச் சொல்லி, காலி மேடையைத் திரையில் காட்டினான். பூஜ்யம். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டான்.

பாக் காசான் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"தம்பி, காலி மேடையை விக்க நான் வரல. கரும்பை ஏத்தி நிறுத்தறேன். அப்ப சரியான்னு காட்டு."

மேலதிகாரி வந்ததும், எடை தெரிந்த இரும்புக் கட்டிகளை லாரியில் ஏற்றி மேடைமேல் நிறுத்தினார்கள். குறைவாகத்தான் காட்டியது. அடியில் இருந்த உணர்விகளில் ஒன்று பழுதாகியிருந்தது. பாரமில்லாதபோது சாதுவாக இருந்தது, பாரம் ஏறி வெயிலும் சேர்ந்தால் தடுமாறியது. காலையில் குளிர்ந்த மேடையில், ஒன்றும் ஏற்றாமல் தினம் பூஜ்யம் பார்த்துக் கையெழுத்துப் போட்டது தர்மாஜிதான். பாக் காசானுக்கு எடையைத் திருத்திக் கொடுத்தார்கள். அவர் போன பிறகும் தர்மாஜி மேடை ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு விசிறி ஞாபகம் வந்தது. பலகை கழற்றிய பெட்டி, இருட்டின பிறகு வருகிற காற்று, நேரே ஊதும் விசிறி. முர்னி அந்த மெஷினில் எப்போது வேலை செய்கிறாள் என்று அவன் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

முர்னி தங்கையின் கடையைப் பார்க்கப் போயிருந்தாள். வீட்டின் பின்னறையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தகித்தது. தர்மாஜி பெட்டியைத் திறக்கவில்லை, விசிறியைத் திருப்பவில்லை, போர்த்திய துணியையும் எடுக்கவில்லை. அவள் நாற்காலியில், அவள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து சோதனையை ஓட விட்டான். சட்டை முதுகோடு ஒட்டியது. இந்த அறையில் அவள் பகல் முழுக்க எப்படி உட்காருகிறாள் என்று அப்போதுதான் முதல் தடவையாக யோசித்தான். கொஞ்ச நேரம் பூஜ்யமாகவே இருந்தது. பிறகு ஒன்று வந்தது. பெட்டி சூடேற ஏற, மேலும் மேலும் வந்துகொண்டே இருந்தது. அவள் நகல் எடுக்கிற படமெல்லாம் இந்த ரேம் வழியாகத்தான் போகிறது. சிவப்பு வரிகள் திரையில் இறங்குவதை அவன் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாருக்கும் தெரியாமல் பழைய பதிலைத் திரும்ப எழுதிவிடலாம். அது ஒரு கணம் அவனுக்குத் தோன்றத்தான் செய்தது. மெஷின் சரியாகிவிடும், தப்பு வருவது நின்றுவிடும், முர்னியும் மெல்லத் தேறிவிடுவாள். ஆனால் எதனால் நின்றது என்று தெரியாமல், ஒரு காலத்தில் என் புத்தி தடுமாறியிருந்தது என்றே அவள் கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பாள். அதை நினைத்ததும் அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. சோதனையை நிறுத்தாமல், அவள் வரும்வரை திரையை அப்படியே வைத்திருந்தான்.

முர்னி வந்து கைப்பையை வைத்துவிட்டு, இந்த நேரத்தில் அவனைத் தன் நாற்காலியில் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"புக்னே, அது நீ இல்ல," என்றான். "கபூல் போனது, ஊர்வலம் போனது, எதுவும் நீ இல்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னான். சில்லைப் பற்றியும், விசிறியைப் பற்றியும், காபி வாங்கிக் கொடுத்தது வரைக்கும் சொன்னான்.

"எப்ப பண்ணீங்க?"

"அரவை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி."

"அப்ப நான் கேட்டன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"சோதிச்சுப் பாத்தேன் புக்னே. ஒரு பிழைகூட வரல. அதனாலதான்..."

"நான் அதைக் கேக்கல. கை வெச்சீங்களான்னு கேட்டேன்."

முர்னி திரையில் இறங்கும் சிவப்பு வரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசியபோது குரல் உயரவில்லை.

"கண் டாக்டர்கிட்ட என்னை நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க."

"ஆமா."

"அந்த ரேமுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதி வெச்சதை அது சொல்லுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, பாக்னே."

பிறகு அவள் அழுதாள். இத்தனை நாளும் அழாதது எல்லாம் சேர்ந்து வந்த மாதிரி, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் தொடப் போனான், கையைத் தள்ளிவிட்டாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, முதலில் ஹாஜி சோலே வீட்டுக்குப் போகலாம் என்றும், தன்னிடம் சொன்னதை அங்கே வந்து சொல்லும்படியும் சொன்னாள். அவன் போய்ச் சொன்னான். ரேம், சில்லு எதுவும் அந்த வீட்டில் யாருக்கும் புரியவில்லை. முர்னியின் கையில் பிழை இல்லை என்பது மட்டும் புரிந்தது. மணப்பெண்ணின் அம்மா முர்னிக்குத் தேநீர் கொடுத்து அருகில் உட்கார வைத்துக்கொண்டார். தர்மாஜி பக்கம் தம்ளரை நகர்த்தினாரே தவிர முகம் பார்க்கவில்லை. கபூல் திரும்பி வரவில்லை.

பழைய பதிலை முர்னி பக்கத்தில் நின்று பார்க்கத் தர்மாஜி திரும்ப எழுதினான். ஞாயிற்றுக்கிழமை காபிக்கடையில், தன் பூஜ்யம் செல்லாது என்று தானே சொன்னான். உச்சி வேளையில், மூடிய பெட்டியில் சோதிக்காத எதையும் இனி ஏற்கக் கூடாது என்றும் சொன்னான். ஏன் என்று கேட்டார்கள். வீட்டுக் கதை முழுதையும் சொன்னான். சாக் ரோஸிதான் தொண்டையைச் செருமி, சாப்பிட்ட பஜ்ஜியைத் திருப்பித் தர முடியாது என்றார். யாரும் பலமாகச் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தாங்கள் முன்பு காட்டிய படங்களைப் பற்றி யோசிக்கிற மாதிரி தெரிந்தது.

முர்னி சலவைக் கடைக்குப் போகவில்லை. மெஷின் பழைய மந்தத்தோடு ஓடுகிறது, அவள் பழையபடி குழம்பு வைத்துவிட்டு வந்து காத்திருக்கிறாள். பின்னறைக்குத் தர்மாஜி ஒரு பொய்க்கூரை போட்டுக் கொடுத்தான். அவள் நன்றாயிருக்கிறது என்றாள். பேச்சு வார்த்தையெல்லாம் முன்போலத்தான், மகள் விடுமுறையில் வந்தபோது அவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அரவை முடிகிற சமயத்தில் ஒரு பெரிய கல்யாணத்தின் வீடியோவை முடித்துவிட்டு முர்னி அவனைக் கூப்பிட்டாள். முன்னெல்லாம் அவள் யாரையும் கூப்பிட்டதில்லை; முடிந்தால் முடிந்ததுதான். அவன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுதையும் பார்த்தான். நிக்காஹ் வந்தது. மாப்பிள்ளை தடுமாறாமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான், சாட்சிகள் தலையாட்டினார்கள், எல்லாரும் கையேந்தினார்கள்.

"எல்லாம் சரியா இருக்கா, பாக்னே?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கு."

முர்னி தலையாட்டினாள். பிறகு வீடியோவை ஆரம்பத்துக்குத் தள்ளி, திரைக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். தர்மாஜி எழுந்து போகாமல், அது முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.